பருந்தின் காலில் ஒரு முகவரி

மார்கழி மாதத்து மாலைப் பொழுதில் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ கோயிற் குளக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? பொழுது சாயும்போது புறாக்களும் கிளிகளும் கோபுரத்துப் பொந்துகளில் ஒடுங்கும். நன்றாக இருட்டிய பிறகு, பழங்கட்டடங்களின் மச்சிலிருந்தும் மாடத்திலிருந்தும் வெண்ணிறமான பெரிய பறவையொன்று சிறகோசையின்றி வெளிப்படும். அதுவே கூகை. தியாகராய நகரத்துச் சாலையோர மரங்களில் புள்ளி ஆந்தைகள் இணை இணையாக அமர்ந்து கீச்சிடுவதையும் கேட்கலாம். மறுநாள் காலையில் அடையாற்றின் முகத்துவாரத்திற்குச் சென்றால் வேறொரு காட்சி காணலாம். நீரின்மேல் உயரத்தில் சிறகடித்தபடியே ஒரு கணம் நின்று, கால்களை முன்னே நீட்டி, கல்லைப் போல நீரில் விழுந்து மீனைப் பற்றியெழும் பறவை ஒன்று உண்டு. அதனை விராலடிப்பான் என்பர்.

இவற்றுள் கூகையும் புள்ளி ஆந்தையும் நம் ஊர்க்குடிகள்; ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. விராலடிப்பான் விருந்தாளி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கோரைகளுக்குமேல் தாழப் பறந்து இரை தேடும் சேற்றுப் பூனைப்பருந்தும் விருந்தாளியே. கடற்கரை நெடுக உயர்ந்த இடங்களில் வந்து தங்கும் பைரி என்னும் பெருவல்லூறுகளுள் சில வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியிலிருந்து வருபவை. ஆவணி, புரட்டாசியில் வரத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் இவை புறப்பட்டுப் போய்விடுகின்றன.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? பறவை தன் ஊரைச் சொல்வதில்லை. அது வந்த வழியில் சுவடு கிடையாது. சென்ற ஆண்டு அடையாற்றில் மீன் பிடித்த பறவையேதான் இவ்வாண்டும் வந்திருக்கிறது என்று யார் சாட்சி சொல்ல முடியும்? இந்த எளிய கேள்விக்கு விடை காண மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்த விடையைத் தந்தது ஒரு சிறிய உலோக வளையம். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், செங்கால் நாரையை அழைத்து, தென்திசைக் குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் வழியில் தம் மனைவியிடம் செய்தி சொல்லுமாறு வேண்டிய பாட்டை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நாரை தெற்கே வந்து மீண்டும் வடக்கே செல்லும் என்பது அப்புலவருக்குத் தெரிந்த செய்தி. ஆனால் வடக்கே எவ்வளவு தூரம், எந்த நாடு என்பது எவருக்கும் தெரியாது. தூது சென்றது, மறுமொழி வரவில்லை. ஆந்தைகளையும் நம்மவர் கூர்ந்து கவனித்தே வந்தனர். கூகை என்றும் குடிஞை என்றும் பெயரிட்டு வழங்கினர். சங்கப் புலவர் ஒருவரே கூகைக் கோழியார் என்று பெயர் பெற்றார்.

மேனாட்டாரும் இதில் நம்மைவிட முன்னேறியிருக்கவில்லை. கிரேக்கப் பேரறிஞரான அரிஸ்டாட்டில், குளிர்காலத்தில் ஓரினப் பறவை மற்றோரினமாக உருமாறி விடுகிறது என்று எழுதினார். தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் மண்ணிலும் பொந்துகளிலும் புதைந்து உறங்குகின்றன என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை நிலவியது. 1822ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் கிளூட்ஸ் என்னும் ஊரருகே ஒரு செங்கால் நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தில் நீண்டதோர் அம்பு பாய்ந்திருந்தது. அந்த அம்பு ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அம்பைத் தாங்கிக்கொண்டே பறவை ஐரோப்பா திரும்பியிருந்தது! ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்நாரை பதம்செய்து வைக்கப்பட்டுள்ளது. பறவையின் உடலிலேயே ஒரு நாட்டின் அடையாளம் ஏறிவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்பதை அறியலாம் என்ற உண்மையை உலகுக்குக் காட்டியது ஒரு வேடனின் அம்பு. காயப்படுத்தாமல் அத்தகைய அடையாளத்தை இட முடியுமா என்பதே அடுத்த கேள்வி.

அதற்கு விடை கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கு நாட்டில் விபோர்க் நகரில் ஆசிரியராயிருந்த மார்ட்டென்சன் என்பவர் முதலில் துத்தநாக வளையங்களைச் செய்து பார்த்தார். அவை பறவைக்குப் பாரமாயிருந்தன. பின்னர் 1899ஆம் ஆண்டில் மெல்லிய அலுமினியத்தில் வளையங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயரையும் ஓர் எண்ணையும் பொறித்து, ஸ்டார்லிங் என்னும் மைனா இனத்துப் பறவைகளின் கால்களில் மாட்டி விட்டார். எங்கேனும் அப்பறவை ஒருவர் கையில் கிடைத்தால், அவர் எண்ணைக் குறித்து ஊருக்கு எழுதினாற் போதும். மார்ட்டென்சனின் குறிப்பேட்டில் அந்தப் பறவையின் பிறப்பு வரலாறே இருக்கும். சில ஆண்டுகளுக்குள் பால்டிக் கடற்கரையில் ராசிட்டன் என்னுமிடத்தில் தீனெமன் என்பார் நிறுவிய பறவை ஆராய்ச்சி நிலையம் இம்முறையைப் பெரிய அளவில் மேற்கொண்டது. ஐரோப்பிய நாரைகள் ஆப்பிரிக்கா வரை செல்லும் வழி வளையங்களின் வாயிலாக வரைபடத்தில் ஏறிற்று.

கேட்பதற்கு இது எளிது. ஆனால் வளையமிட வேண்டுமானால் பறவையை முதலில் உயிரோடு பிடிக்க வேண்டும். பிடித்ததை ஊறின்றி விடவும் வேண்டும். நாரைக் குஞ்சைக் கூட்டிலேயே பிடித்து விடலாம். வானத்தில் வட்டமிடும் பருந்தையும் இருளில் மட்டுமே திரியும் ஆந்தையையும் எப்படிப் பிடிப்பது? இங்கேதான் நம் நாட்டின் பழங்கலை ஒன்று உலக விஞ்ஞானத்திற்குக் கைகொடுத்தது.

வல்லூறுகளைப் பிடித்துப் பழக்கி வேட்டைக்கு விடும் கலை ஆசியாவில் மிகப் பழமையானது. அரபு நாட்டவர் வல்லூற்றின் கண்களை மறைக்கத் தோலால் ஒரு குல்லாய் செய்து அணிவித்தனர். கண் மறைந்தவுடன் பறவை அச்சம் தணிந்து அமைதியடையும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆண்ட இரண்டாம் பிரடெரிக் மன்னர் இக்கலையைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றியபோது, இந்தக் குல்லாயை அரபு நாட்டவரிடமிருந்தே கற்றார். முகலாய மன்னர்களின் அவையிலும் வல்லூறு வளர்ப்போர் மதிப்புடன் வாழ்ந்தனர். குஜராத்தில் பவநகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தர்மகுமார்சிங்ஜி இக்கலையில் வல்லவராகவும் பறவையியல் அறிஞராகவும் விளங்கி, 1955ஆம் ஆண்டில் சௌராட்டிரப் பறவைகளைப் பற்றி நூல் வெளியிட்டார்.

மன்னர்களுக்கு வல்லூறு பிடித்துக் கொடுத்த வேடர்கள் இரண்டு கருவிகளைக் கையாண்டனர். ஒன்றின் பெயர் பால்சத்ரி. இந்தி மொழியில் பால் என்பது மயிர். சத்ரி என்பது குடை. குடைபோலக் கவிந்த சிறு கூண்டு. அதனுள்ளே உயிருள்ள எலியோ சிறு குருவியோ இருக்கும். கூண்டின் வெளிப்புறமெங்கும் குதிரை மயிரால் சுருக்குகள் கட்டியிருப்பார்கள். இரையைக் கண்டு பாய்ந்த வல்லூறு கூண்டைப் பற்றும்போது அதன் விரல் சுருக்கில் மாட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் எலிக்கும் ஊறில்லை. மேலே மாட்டிய பறவைக்கும் காயமில்லை. மற்றொன்றின் பெயர் தோகஜா. இரு கழிகளுக்கிடையே மிக மெல்லிய வலையைத் தளர்வாகப் பொருத்தி, அதன் பின்னே பெரிய ஆந்தை ஒன்றைக் கட்டி வைப்பார்கள். பகலில் ஆந்தையைக் கண்டால் காகங்கள் கூட்டமாகக் கரைந்து கொத்த வருவதை நம் தெருக்களில் பார்த்திருக்கிறோமல்லவா? பருந்துகளுக்கும் அதே பகைமை உண்டு. ஆந்தையைத் தாக்கப் பாயும் பருந்து வலையில் மோதியவுடன் வலை கழிகளிலிருந்து நழுவி அதனைச் சுற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் சீடர் குரோவ் என்னுமிடம் பருந்துகள் இடம்பெயரும் பாதையில் அமைந்தது. அங்கே பருந்துகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த பெர்கர், முல்லர் என்னும் இருவர் 1959ஆம் ஆண்டில் பறவை வளையமிடும் ஆராய்ச்சி இதழொன்றில் பால்சத்ரியைப் பற்றிக் கட்டுரை எழுதினர். குதிரை மயிருக்குப் பதிலாக நைலான் நூல் வந்தது. பிரம்புக்குப் பதிலாகக் கம்பி வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் பல நாடுகளில் பருந்து ஆராய்ச்சியாளர் பால்சத்ரி, தோகஜா என்றே அக்கருவிகளை வழங்குகின்றனர். எழுத்தறியாத இந்திய வேடர்களின் நுண்ணறிவு இவ்வாறு உலக ஆராய்ச்சி நூல்களில் இடம்பெற்றது.

பருந்துகளுக்கு வளையமிடுவதால் மனிதனுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். கனடாவைச் சேர்ந்த சார்லஸ் பிராலி வங்கித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1939ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரையில் உயர்ந்த மரங்களில் ஏறி, வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டு வந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கு அவர் வளையமிட்டார். 1947ஆம் ஆண்டிற்குப் பின் கூடுகளில் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. முட்டைகள் பொரியவில்லை. 1958ஆம் ஆண்டில், வளையமிட ஒரே ஒரு குஞ்சைக் கண்டுபிடிக்க அவர் நூறு மைலுக்கு மேல் அலைய நேர்ந்தது. ரேச்சல் கார்சன் 1962ஆம் ஆண்டில் பூச்சிகொல்லிகளின் கேட்டை எடுத்துரைத்து எழுதிய புகழ்பெற்ற நூலில் பிராலியின் குறிப்புகளும் சான்றாக நின்றன. டி.டி.டி. என்னும் நஞ்சு பயிரிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் ஏறி, முட்டையோட்டை மெலியச் செய்தது என்பது பின்னர் உறுதியாயிற்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கா அதன் பயனைப் பெரும்பாலும் தடைசெய்தது. வேட்டைப் பறவை உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது. கீழே கலந்த நஞ்சு அங்கேதான் முதலில் வெளிப்படும். நம் நாட்டிலும் கால்நடைகளுக்குத் தந்த டைக்குளோபினாக் என்னும் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங் கூட்டமாக மடிந்ததையும், 2006ஆம் ஆண்டில் அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டதையும் நாம் அறிவோம்.

இந்தியாவில் வளையமிடும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920களின் பிற்பகுதியில் தொடங்கியது. மத்திய இந்தியாவில் தார் சமஸ்தானத்தில் வாத்துகளுக்கு வளையமிட்டனர். வளையத்தில் பம்பாய்க் கழகத்தின் முகவரி சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் இப்பணி பெருமளவில் நடைபெறக் காரணமாயிருந்தது ஒரு கொடிய நோய்.

1957ஆம் ஆண்டில் மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் வரிசையாக இறந்து விழுந்தன. அக்காட்டில் விறகு பொறுக்கச் சென்ற மனிதரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தபோது வியப்படைந்தனர். உருஷ்ய நாட்டுக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக் காய்ச்சற் கிருமிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு காணப்பட்டது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் தம் உடலில் உண்ணிகளைச் சுமந்து வந்து இந்நோயைப் பரப்பினவோ என்ற ஐயம் எழுந்தது. இதனை ஆராய உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் 1959ஆம் ஆண்டில் சாலிம் அலி தலைமையில் பம்பாய்க் கழகம் பறவைகளைப் பிடித்து வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது.

பறவைகளைப் பிடிக்க இருவகைத் திறமை துணைநின்றது. ஒன்று ஜப்பானிலிருந்து வந்த மூடுபனி வலை. தலைமயிர்போல் மெல்லிய நூலால் ஆகியது. விடியற்காலையில் புதர்களுக்கிடையே விரித்தால் பறவையின் கண்ணுக்கே தெரியாது. மற்றொன்று பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை வேடர்களின் கைத்திறன். இறைச்சிக்கும் விற்பனைக்கும் பறவை பிடித்த குடும்பங்களில் வந்த இவர்கள், இப்போது அறிவுக்காகப் பறவை பிடித்தனர். அவர்களுள் அலி உசேன் என்பவர் பம்பாய்க் கழகத்துடன் பல ஆண்டுகள் பணியாற்றிப் புகழ் பெற்றார். சேற்றில் நடக்கும் உள்ளான் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டியே அறிந்து கண்ணி வைக்கும் அந்த அறிவை எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இப்பணிக்குத் தலைமையிடமாக அமைந்தது கோடிக்கரை. வேதாரண்யத்து உப்பளங்களை அடுத்து, வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடும் முனை அது. வடக்கேயிருந்து வரும் பறவைகளுக்குத் தமிழ் நிலத்தின் ஓர் எல்லை. 1967ஆம் ஆண்டில் அங்கே வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. வளைந்த அலகுடைய உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளுக்கு இங்கே வளையமிட்டனர். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அப்பறவைகளுட் சில பின்னர் உருஷ்யாவின் வடகோடியில் கிடைத்தன. சத்திமுத்தப் புலவரின் தூதுக்கு வராத மறுமொழி, இவ்வாறு ஓர் அலுமினிய வளையத்தில் வந்து சேர்ந்தது. பறவையியலாளர் பாலச்சந்திரன் அங்குப் பல்லாண்டுகள் இப்பணியை நடத்தினார். கரைப்பறவைகளின் எண்ணிக்கை 1980களில் இருந்ததைவிடப் பெரிதும் குன்றியிருப்பதை அந்நீண்ட கணக்கே காட்டியது.

நோயைப் பற்றிய ஐயம் என்னாயிற்று? அயல்நாட்டுப் பறவைகள் மீது சாட்டிய குற்றம் நிலைபெறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் சிறு விலங்குகளிடையேயும் உண்ணிகளிடையேயும் அக்கிருமி வாழ்ந்து வருவது தெளிவாயிற்று. ஒரு பறவைக் கூட்டத்தையே பழியிலிருந்து விடுவித்தது பொறுமையான ஆராய்ச்சி. இதே காலத்தில் மற்றொரு சங்கடமும் நேர்ந்தது. 1960களில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடந்த வளையமிடும் பணிக்கு அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு பணம் உதவியது. பறவைகளைக் கொண்டு நோய் பரப்பும் வழியை அயலார் தேடுகின்றனரோ என்ற கேள்வி 1970களில் நம் பாராளுமன்றம் வரை சென்றது. வளையம் சிறிது; அது எழுப்பும் கேள்விகள் சிறியன அல்ல. அறிவைத் தேடுபவன் யாருக்காகத் தேடுகிறான் என்று ஊரார் கேட்கும்போது, ஒளிவின்றி விடை சொல்லும் கடமை அவனுக்கு உண்டு.

இனி ஆந்தைகளுக்கு வருவோம். ஆந்தை இருளில் பறப்பது. அதன் இறகின் ஓரங்கள் சீப்புப் போலவும் பட்டுப் போலவும் அமைந்திருப்பதால் ஓசையும் எழுவதில்லை. கூகையின் இரு செவிகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழுமாய் அமைந்துள்ளன. ஆகவே காரிருளிலும் எலி எங்கே அசைகிறது என்று ஒலியைக் கொண்டே அது துல்லியமாக அறிந்துவிடும். இத்தகைய பறவையின் பயணத்தை அறிவது எளிதா? வட அமெரிக்காவில் சிறு ஆந்தை ஒன்று உண்டு; அதன் எடை ஏறக்குறைய நூறு கிராமுக்கும் குறைவு. அதன் குரல் இரம்பத்தை அரம் தேய்க்கும் ஒலிபோல இருப்பதாகக் கருதி அவ்வாறே பெயரிட்டனர். நெடுங்காலம் அது ஊரைவிட்டு நகராத அரிய பறவை என்றே பலரும் எண்ணினர். பின்னர் இலையுதிர் கால இரவுகளில் வலை விரித்து, ஆண் ஆந்தையின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தபோது, ஆந்தைகள் அக்குரலைத் தேடி வந்து வலையில் விழுந்தன. 1994ஆம் ஆண்டில் தொடங்கிய ஆந்தை வலைத் திட்டத்தில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இணைந்துள்ளன. பிடித்த ஆந்தையின் சிறகைப் புற ஊதா ஒளியில் காட்டினால் புதிய இறகுகள் இளஞ்சிவப்பாய் ஒளிரும். பழையவை மங்கித் தோன்றும். அதைக் கொண்டு அதன் வயதைக் கணிப்பர். அரியது என்று எண்ணிய பறவை ஆண்டுதோறும் பல்லாயிரக் கணக்கில் இடம்பெயர்வது இவ்வாறு வெளிச்சத்திற்கு வந்தது. நம் நாட்டிற்கும் குளிர்காலத்தில் வந்து புல்வெளிகளில் தங்கிச் செல்லும் குட்டைக்காது ஆந்தை உண்டு.

வளையத்திற்கும் ஒரு குறை உண்டு. வளையமிட்ட இடத்தையும் மீண்டும் கிடைத்த இடத்தையும் அது சொல்லும். நடுவே சென்ற வழியைச் சொல்லாது. நூறு சிறு பறவைகளுக்கு வளையமிட்டால் ஒன்றைக்கூட மீண்டும் காணாமற் போவதும் உண்டு. இக்குறையை நீக்க வந்தது செயற்கைக்கோளோடு பேசும் சிறு கருவி. அதன் பயனை நம் நாட்டில் விளங்கக் காட்டிய நிகழ்ச்சி நாகாலாந்தில் நடந்தது.

அமூர் வல்லூறு புறாவளவே உள்ள பறவை. சைபீரியாவின் தென்கிழக்கிலும் வடசீனத்திலும் இனம் பெருக்கி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாகாலாந்து, மணிப்பூர் வழியாக இறங்கி, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக் கடலையும் தாண்டித் தென்னாப்பிரிக்கப் பகுதிகளுக்குச் செல்வது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே மீன்வலைகளை மரங்களிடையே கட்டி, பாங்தி முதலிய ஊரார் இவ்வல்லூறுகளை இலட்சக் கணக்கில் பிடித்து விற்ற செய்தி வெளியாகி நாட்டையே உலுக்கியது. அவ்வூரார் கொடியவர் அல்லர். வானம் கொடுத்த விளைச்சலாகவே அவர்கள் அதைக் கருதினர். அறிஞரும் அரசினரும் திருச்சபையாரும் ஊர்ப் பெரியோரும் கூடிப் பேசினர். ஊர் மன்றங்களே தடை விதித்தன. மறு ஆண்டு ஒரு பறவையும் வலையில் விழவில்லை.

அந்த 2013ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த சுரேஷ்குமாரும் ஹங்கேரி நாட்டு அறிஞர்களும் மூன்று வல்லூறுகளைப் பிடித்து, ஐந்து கிராம் எடையுள்ள கருவிகளை முதுகில் பொருத்தினர். அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று அம்மண்ணின் பெயர்களையே சூட்டினர். நாகா என்னும் பறவை ஆறு நாளுக்குள் ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர் இடைவிடாது பறந்து ஆப்பிரிக்காவை அடைந்தது. நாகாவும் பாங்தியும் மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் நாகாலாந்து வழியாகவே திரும்பி வந்தன. தாம் பெயரிட்ட பறவை கடல் கடந்து திரும்பி வரும்போது அதை வலையில் வீழ்த்த யாருக்கு மனம் வரும்? முன்பு வலை கட்டிய கைகளே பின்பு வல்லூறுகளுக்குக் காவல் நின்றன.

மாணவர்களே, இக்கதைகள் அனைத்திலும் ஒரே செயல் இருமுகமாய்த் தோன்றுவதைக் கவனியுங்கள். வேடனும் பிடிக்கிறான், விஞ்ஞானியும் பிடிக்கிறான். வலை ஒன்றுதான், கண்ணியும் ஒன்றுதான். பிடித்தபின் விடுவதிலேதான் வேறுபாடு இருக்கிறது. அதனாலேயே வளையமிடுவோருக்குக் கடுமையான விதிகள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி எவரும் காட்டுப் பறவையைப் பிடித்தல் குற்றம். பொருத்தும் கருவி பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது பொதுவாக அறிஞர் கைக்கொள்ளும் வரம்பு. வளையம் காலில் தளர்வாகச் சுழல வேண்டும். கழன்று விழவும் கூடாது. கழுகின் அலகு வலிமை மிக்கதாகையால் அதற்குப் பூட்டுடைய வளையம் இடுவர். பறவையை நீண்ட நேரம் கையில் வைத்திருத்தலும் தகாது. எடை, சிறகின் நீளம், இறகின் நிலை ஆகியவற்றைக் குறித்தவுடன் அதை வானத்திற்குத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

நீங்கள் வலை விரிக்க வேண்டியதில்லை; விரிக்கவும் கூடாது. ஆனால் செய்யத்தக்க பணி நிறைய உண்டு. மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், நகரத்துத் தோட்டத்திலும் தெருவிலும் கண்ட பறவைகளைப் பற்றி அரை நூற்றாண்டுக் காலம் எழுதினார். 1978ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை இயற்கையாளர் சங்கத்தார் அடையாற்று முகத்துவாரத்திலும் கிண்டியிலும் பள்ளிக்கரணையிலும் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் நீங்களும் அவ்வரிசையில் சேரலாம். காலில் வளையமுள்ள பறவை ஒன்று கண்ணிற் பட்டால் எண்ணையும் நிறத்தையும் நாளையும் இடத்தையும் குறித்துப் பம்பாய்க் கழகத்திற்கு எழுதுங்கள். வளையமிட்ட பறவையை அயல்நாட்டு ஒற்றன் என்று மருண்டு பிடித்து அடைத்து வைத்த செய்திகளும் நம் நாட்டில் வந்ததுண்டு. வளையத்தில் இருப்பது இரகசியம் அன்று, முகவரி. அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு கடிதம்.

ஆந்தையைப் பற்றியும் ஒரு சொல். அது வீட்டின்மேல் அலறினால் கேடு வரும் என்று அஞ்சிக் கல்லெறிவோர் இன்றும் உண்டு. தீபாவளியை ஒட்டி மந்திர தந்திரங்களுக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமை நாட்டின் சில பகுதிகளில் இன்னும் ஒழியவில்லை. நெற்களஞ்சியத்தைச் சூறையாடும் எலியை இரவெல்லாம் விழித்துப் பிடிக்கும் காவலாளியை நாம் இவ்வாறு நடத்துவது முறையா? வடதுருவத்திலிருந்து வரும் விருந்தாளிக்கு முகவரி எழுதக் கற்றுக்கொண்ட நாம், கோபுரத்துப் பொந்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் அயலானையும் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த மார்கழியில் அடையாற்றங்கரையில் விராலடிப்பானைக் காணும்போது அதன் கால்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு வெள்ளை மினுக்கம் தென்பட்டால், எங்கோ ஒரு தொலைநாட்டில் ஒருவர் அதைக் கையிலேந்தி, எண்ணைக் குறித்து, பத்திரமாகப் போய் வா என்று வானில் விட்டிருக்கிறார் என்று பொருள். அவர் இன்னும் மறுமொழிக்குக் காத்திருக்கிறார். அந்த மறுமொழியை எழுதும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.